கத்தி முன்னே வந்தது, கண் பின்னே வந்தது: குதிரையின் சைனஸ் நோய் வரலாற்றில் புனே

ஒரு குதிரைக்கு ஒற்றை நாசியில் மட்டும் சீழ் கலந்த சளி வடிகிறது. தாடைக்கு அடியில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. மற்றபடி அது உண்கிறது, நடக்கிறது, காய்ச்சல் இல்லை. அதைச் சுட்டுக் கொல்ல வேண்டுமா? அல்லது முக எலும்பில் துளையிட்டுக் காப்பாற்ற வேண்டுமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைக் குதிரை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் எதிர்கொண்ட வினா இது. காப்பாற்றும் அறுவை முறை 1749-இலேயே பிரான்சில் எழுத்தில் வந்துவிட்டது. எந்தக் குதிரைக்கு அதைச் செய்வது என்று பிரித்தறியும் சோதனையோ 1890-91-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட 140 ஆண்டுகளில் கொல்லப்பட்ட குதிரைகளுள் எத்தனை வெறும் பல்வேர்ச் சீழால் அவதியுற்றவை என்பதை எவராலும் கணக்கிட இயலாது. இப்பதிவு அந்த இடைவெளியைப் பற்றியது. இந்திய அளவில் அவ்வரலாற்றின் சில முக்கியமான பக்கங்கள் புனேயிலும், அதன் வடமேற்கே பவனா ஆற்றங்கரையில் அமைந்த சிஞ்ச்வட், பிம்பிரிப் பகுதிகளிலும் எழுதப்பட்டன. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

*முகத்துக்குள் இருக்கும் அறைகள்*

குதிரையின் முகம் நீளமானது என்பதை அனைவரும் அறிவர். அந்நீளத்தின் பெரும்பகுதி காற்று நிறைந்த வெற்றறை என்பதை அறிந்தோர் சிலரே. நெற்றி எலும்புக்குள் ஓர் அறை; மேல்தாடை எலும்புக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு; மூக்கினுள் சுருண்டு கிடக்கும் மெல்லெலும்புகளுக்குள் மேலும் கீழுமாக இரண்டு; மண்டையின் அடித்தளத்தை ஒட்டி ஒன்று. இவ்வாறு பக்கத்துக்கு ஆறு அறைகள். சிலர் ஏழு என்றும் கணக்கிடுவர். இவற்றையே சைனஸ் என்கிறோம். இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆனால் இவையனைத்தும் மூக்குக்குள் வடிவதற்கு உள்ள வாயிலோ ஒரு குறுகிய பிளவு மட்டுமே. உட்சவ்வு சற்று வீங்கினாலும் அது அடைபட்டுவிடும். பெரிய வீட்டுக்குச் சிறிய சாக்கடை அமைந்ததைப் போன்ற நிலை.

இதனினும் முக்கியமானது பற்களின் இருப்பிடம். குதிரையின் மேல்தாடையில் பக்கத்துக்கு ஆறு கடைவாய்ப் பற்கள் வரிசையாக உள்ளன. அவற்றுள் பின்னே உள்ள நான்கின் வேர்கள் மேல்தாடை அறைகளின் தரையில் பதிந்துள்ளன. வேருக்கும் அறைக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தகடு ஒன்றே தடுப்பு. குதிரைப் பல் புல்லை அரைத்து அரைத்துத் தேயும். தேயத் தேய ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் உள்ளிருந்து மேலெழும்பும். ஆகவே இளங்குதிரையின் மேல்தாடை அறையைப் பல்லின் உடலே நிறைத்திருக்கும். முதிர்ந்த குதிரையில் அவ்விடம் வெற்றறையாகும். ஒரு பல்லின் வேர் அழுகினால் அச்சீழ் நேரே சைனஸுக்குள் இறங்கும்.

ஆகையால் குதிரையின் சைனஸ் நோயை இரண்டாகப் பகுப்பர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற நுண்ணுயிரி தொற்றித் தானே தோன்றுவது முதல் வகை. பல்வேர் அழுகல், நீர்க்கட்டி, புற்று, பூஞ்சை, முகத்தில் பட்ட அடி முதலியவற்றால் வருவது இரண்டாம் வகை. இவ்விரண்டிலும் பொதுவாகக் காணும் அறிகுறி, நோயுற்ற பக்கத்து நாசியில் மட்டும் வடிதல். மூக்கின் நடுத்தடுப்பு இடத்தையும் வலத்தையும் பிரித்து வைப்பதே காரணம். தடுப்புக்குப் பின்னாலுள்ள தொண்டைப்பையிலோ நுரையீரலிலோ நோயிருப்பின் பெரும்பாலும் இரு நாசியிலும் வடியும். எனவே "எந்த நாசி?" என்பதே குதிரை மருத்துவரின் முதற்கேள்வியாக இன்றுவரை இருந்து வருகிறது.

*ஒரே முகம், இரு நோய்கள்*

இந்தக் கேள்வியைக் குழப்பியது கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோய். குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றைத் தாக்கும் இந்நோய் மனிதனையும் தொற்றிக் கொல்லவல்லது. தோலில் வெளிப்படும் அதன் மற்றொரு வடிவத்தை ஃபார்சி என்று அழைத்தனர். நாட்பட்ட கிளாண்டர்ஸில் பல வேளைகளில் ஒற்றை நாசியில் மட்டுமே சளி வடியும். தாடையடி நிணநீர்க் கட்டி வீங்கிக் கெட்டிப்படும். குதிரையோ மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும்.

இனி சைனஸ் நோயைப் பாருங்கள். ஒற்றை நாசி, தாடையடிக் கட்டி, வேலை செய்யும் குதிரை. அக்கால ஆங்கில மருத்துவர் இதனை 'நாஸல் கிளீட்', அதாவது நாட்பட்ட மூக்கொழுக்கு என்றனர். மூக்கின் நடுத்தடுப்பில் புண்ணோ நட்சத்திர வடிவத் தழும்போ கண்ணுக்குத் தென்பட்டால் கிளாண்டர்ஸ் என்று உறுதி கூறலாம். புண் உயரே மறைந்திருந்தாலோ, இன்னும் தோன்றாதிருந்தாலோ உறுதி ஏதும் இல்லை. ஒரு கூடாரத்தில் நூறு குதிரைகள் ஒரே தொட்டியில் நீர் குடிக்கும் இடத்தில், ஐயத்தின் பயனைக் குதிரைக்கு அளிக்க எந்தப் படைத் தலைவனும் துணியான்.

*தவறான கொள்கை, சரியான அறுவை*

1749-இல் பாரிஸ் நகரத்துக் குதிரை மருத்துவர் எத்தியன் கியோம் லாஃபோஸ், கிளாண்டர்ஸின் உண்மையான இருப்பிடம் எது என்று ஒரு நூல் வெளியிட்டார். நோயுற்று இறந்த குதிரைகளை அறுத்து ஆய்ந்து, மூக்கையும் சைனஸையும் போர்த்தியுள்ள சவ்வே நோயின் இருப்பிடம் என்ற முடிவுக்கு வந்தார். இருப்பிடம் தெரிந்தபின் அவ்விடத்துக்கு மருந்தைக் கொண்டு செல்வதுதானே முறை? வட்ட ரம்பத்தால் முக எலும்பைத் துளைத்து, அத்துளைவழிச் சைனஸைக் கழுவி மருந்து பாய்ச்சும் முறையை அவர் வகுத்தார்.

அவருடைய கொள்கை தவறு. கிளாண்டர்ஸ் உடல் முழுவதையும் பற்றும் தொற்று. நுரையீரலும் தோலும் அதன் களங்கள். சைனஸைக் கழுவுவதால் அது தீராது. இருப்பினும் அவர் கைகண்ட சில குதிரைகள் பிழைத்திருக்கக்கூடும். அவை கிளாண்டர்ஸ் குதிரைகளாக இருந்திரா. சீழ் கட்டிய சைனஸ் கொண்டவையாகவே இருந்திருக்க வேண்டும். தான் தீர்க்க நினைத்த நோயைத் தீர்க்காத ஓர் அறுவை, தான் அறியாத வேறொரு நோய்க்கு மிகச் சரியான மருத்துவமாக அமைந்தது. இன்றைக்கும் குதிரைச் சைனஸ் அறுவையின் அடிப்படை அதுவே: துளையிடு, வடியவிடு, கழுவு.

அடுத்த நூறாண்டும் குழப்பம் நீடித்தது. 1760-களில் லியோனிலும் அல்ஃபோரிலும் உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளிகள் எழுந்தன. ஆயினும் பின்னாளில் நாட்பட்ட கிளாண்டர்ஸ் தொற்றுவதில்லை என்று அல்ஃபோர்ப் பள்ளியினர் வாதிட்டனர். தொற்றும் என்று லியோனினர் மறுத்தனர். 1791-இல் தொடங்கிய லண்டன் கால்நடைக் கல்லூரியின் முதற் பேராசிரியர் செயின்பெல் இரண்டே ஆண்டில் இறந்தார். குதிரையிடமிருந்து தொற்றிய கிளாண்டர்ஸே காரணம் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. 1837-இல் பிரெஞ்சு மருத்துவர் ராயே, நோயுற்ற மனிதனிடமிருந்து எடுத்த சீழால் குதிரைக்கு இந்நோய் வருவதைக் காட்டிய பின்னரே தொற்றுக் கொள்கை வலுப்பெற்றது.

*சாலிகோத்திரர் வழியும் சலோத்ரிகளும்*

இந்திய மரபு இவ்விடத்தில் வெறுமையாக இருக்கவில்லை. குதிரை மருத்துவத்தின் ஆதி ஆசிரியராகச் சாலிகோத்திரரைச் சொல்வது வழக்கம். அவர் பெயரே மருவி, குதிரை மருத்துவன் என்னும் பொருளில் 'சலோத்ரி' ஆயிற்று. ஆங்கிலேயப் படைக் குறிப்புகளிலும் இச்சொல் ஏறிவிட்டது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952-இல் பதிப்பித்தது. மராட்டியர் ஆண்ட தஞ்சையும் மராட்டியரின் தலைநகராய்த் திகழ்ந்த புனேயும் குதிரையை எத்துணை மதித்தன என்பதற்கு அந்நூலகச் சுவடிகளே சான்று.

பீமா ஆற்றுப் பள்ளத்தாக்கில் வளர்ந்த பீம்தடிக் குதிரைகள் மராட்டியப் படையின் கால்கள். சிறிய உடல், கடினமான குளம்பு, குறைந்த தீனி. சலோத்ரிகள் அக்குதிரைகளை நன்கறிந்திருந்தனர். மூக்கின் வழியே மருந்து செலுத்தும் நசியம், சூடு போடுதல், பத்தியத் தீனி ஆகியவை அவர்களின் கருவிகள். முகத்தில் விரலால் தட்டி ஓசை கேட்பதும், சளியின் நாற்றத்தை முகர்ந்து பல் அழுகலை உணர்வதும் குதிரையோடு வாழ்ந்தோர்க்கு அரிய செயல்கள் அல்ல. எனினும் நோயைக் கண்ணால் கண்டறியும் நுண்ணோக்கி அவர்களிடம் இல்லை. அக்காலத்து ஐரோப்பியர் கையில் இருந்தும் பயன்படவில்லை.

*புனேயில் ஒரு பள்ளி, ஓர் ஆய்வகம்*

1817 நவம்பர் 5-ஆம் நாள் கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்றபின், கட்கி ஆங்கிலேயரின் பெரும்படை முகாமாக வளர்ந்தது. பீரங்கிப் படையும் குதிரைப்படையும் அங்கே நிலைகொண்டன. 1830-இல் போர்க் கணவாய் வழியே வண்டிச்சாலை திறக்கப்பட்டது. பம்பாயில் கப்பலிறங்கிய அரபுக் குதிரைகளும், பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேலர் குதிரைகளும் தக்காணம் ஏறின. மலையேறி வந்த பழைய பம்பாய்ச் சாலை தளேகாவ், சிஞ்ச்வட், தாபோடி வழியாகவே கட்கியை அடைந்தது. மோர்யா கோசாவியின் சமாதிக் கோயிலுக்காகப் பெயர்பெற்ற சிஞ்ச்வட், இவ்வாறு படைக் குதிரைகள் கடந்து செல்லும் ஊராகவும் இருந்தது. 1858-இல் கண்டாலாவிலிருந்து புனேக்கு இருப்புப்பாதை வந்தபின்னும் குதிரையின் தேவை குறையவில்லை.

1862-இல் புனேயில் படைக்கான கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. இந்தியாவில் மேலை முறையில் அமைந்த முதற் கால்நடைப் பள்ளி இதுவே என்று வரலாற்றாசிரியர் கூறுவர். லாகூர்க் கல்லூரி 1882-இலும், பம்பாய்க் கல்லூரி 1886-இலும், சென்னைக் கல்லூரி 1903-இலும்தான் வந்தன. பசுவும் எருமையும் உழவனின் உயிர்நாடியாய் இருந்த நாட்டில், கால்நடைக் கல்வி குதிரை லாயத்தில் பிறந்தது என்பது நோக்கத்தக்கது. ஆட்சிக்கு எது தேவையோ அதற்கே மருத்துவம் முதலில் கற்பிக்கப்பட்டது.

1889-இல் புனே அறிவியல் கல்லூரியில் பேரரசு நுண்ணுயிரி ஆய்வகம் தொடங்கியது. ஆல்ஃப்ரெட் லிங்கார்ட் அதன் தலைவர். குதிரைகளைக் கொன்ற சுர்ரா நோயை அவர் விரிவாக ஆராய்ந்தார். மக்கள் நெருங்கி வாழும் நகரில் கொடுந்தொற்றுக் கிருமிகளை வளர்ப்பது தகாது என்ற எண்ணத்தாலும், தட்பமான இடத்தின் தேவையாலும், 1893-இல் ஆய்வகம் குமாவோன் மலையில் முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேர் இதுவே. பின்னாளில் மலையிலிருந்து நாடெங்கும் சென்ற பொருள்களுள் ஒன்று, நம் கதையின் திறவுகோலான மாலின்.

*கண் கிடைத்தது*

1882-இல் பெர்லினில் லோஃப்லரும் ஷூட்ஸும் கிளாண்டர்ஸ் கிருமியைப் பிரித்தெடுத்தனர். 1890-இல் காச நோய்க்குக் கோக் டியூபர்குலினைக் கண்டறிந்தார். அதே வழியில் கிளாண்டர்ஸ் கிருமியை வளர்த்து, கொன்று, வடித்தெடுத்த நீர்மம் மாலின். ருஷ்யப் பேரரசின் ஹெல்மானும் கல்னிங்கும் தனித்தனியே இதனை உருவாக்கினர். கல்னிங் 1891-இல் ஆய்வகத்திலேயே அந்நோய் தொற்றி இறந்தார்.

மாலினைக் கிளாண்டர்ஸ் குதிரையின் தோலடியில் செலுத்தினால் காய்ச்சல் ஏறும், செலுத்திய இடம் பெரிதாய் வீங்கும். பின்னர் கீழிமையில் ஊசியால் செலுத்தும் எளிய முறையும் வந்தது. கண்ணிமை வீங்கிச் சீழ் வடிந்தால் நோய் உறுதி. சைனஸ் நோயுள்ள குதிரைக்கோ ஒன்றும் நேராது.

இந்த ஊசியைக் கொல்ல வேண்டிய குதிரையைக் கண்டறியும் கருவியாகவே வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. நான் அதன் மறுபக்கத்தையே பெரிதாகக் காண்கிறேன். எந்தக் குதிரையைக் கொல்ல வேண்டியதில்லை என்பதையும் முதன்முதலாகச் சொன்னது அதுவே. இமை வீங்காத குதிரையைத் துணிந்து படுக்கவைத்து எலும்பில் துளையிடலாம். அதன் சீழ் மருத்துவரைக் கொல்லாது. அதன் பல்லைப் பிடுங்கினால் அது மீண்டும் வண்டியிழுக்கும். லாஃபோஸின் அறுவை தனக்குரிய நோயாளியைக் கண்டுகொண்டது அப்போதுதான்.

*வீட்டுக்குள் நுழைந்த சட்டம், லாயத்துக்குள் நுழைந்த சட்டம்*

இந்தியாவில் கிளாண்டர்ஸ், ஃபார்சி நோய்களுக்கென 1879-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1899-இல் அது 13-ஆம் எண் சட்டமாகத் திருத்தித் தொகுக்கப்பட்டது. நோயுற்ற குதிரை இருப்பதாக ஐயம் எழும் இடத்துக்குள் ஆய்வாளர் நுழையலாம், தேடலாம், குதிரையைக் கைப்பற்றலாம். நோய் உறுதியானால் கொல்லச் செய்யலாம்.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் பிளேக் தேடுதலுக்காகப் படைவீரர் வீடுகளுக்குள் புகுந்தனர். அதன் எதிர்வினையாக 1897 ஜூன் 22-ஆம் நாள் இரவு, பிளேக் அதிகாரி ராண்ட் குதிரை வண்டியில் திரும்பும் வழியில் சுடப்பட்டார். சுட்ட சாபேகர் சகோதரர்கள் சிஞ்ச்வட் ஊரினர். இரண்டே ஆண்டில் குதிரைச் சட்டம் வந்தது. இரண்டையும் ஒன்றென்று கூறுவது பிழையாகும். மனித வீட்டின் மானமும் லாயத்தின் தேடலும் ஒரே தராசில் நிற்கா. ஆனால் ஆட்சியின் மொழி ஒன்றே: நுழை, தேடு, பிரி, அழி. அந்த மொழியில் நோயாளிக்கு இடமுண்டு, மருத்துவத்துக்கு இடம் குறைவு. வண்டிக்காரனுக்குக் குதிரையே முதலும் மூலதனமும். மூக்கொழுகும் குதிரையை அவன் அதிகாரியின் கண்ணில் படாமல் மறைத்ததில் வியப்பில்லை. மறைத்த குதிரை கிளாண்டர்ஸ் உடையதாயின் நோய் பரவிற்று. சைனஸ் நோயுடையதாயின், தீரக்கூடிய நோய் தீராமலே அழுகிற்று.

*அறுவை எப்படி நடந்தது?*

பழைய முறையில் குதிரையின் நான்கு கால்களிலும் தளை பூட்டி, வைக்கோல் பரப்பிய தரையில் வீழ்த்துவர். குளோரோஃபார்ம் வந்தபின் மூக்கில் பஞ்சுப்பை கட்டி மயக்கினர். முகத்தில் விரல்முட்டியால் தட்டி இருபக்க ஓசையையும் ஒப்பிட்டு, மந்தமாக ஒலிக்கும் இடத்தை அடையாளம் இடுவர். வாயைத் திறந்து வைத்துத் தட்டினால் ஓசை தெளிவாகக் கேட்கும். கண்ணின் உள்மூலையையும், கன்னத்தில் மேடாக ஓடும் எலும்பு வரம்பையும் எல்லைக்கற்களாகக் கொண்டு, கண்ணீர்க் குழாயையும் முகநரம்பையும் தவிர்த்து, வட்ட ரம்பத்தால் ஒரு நாணய அளவு எலும்பைச் சுழற்றி எடுப்பர். சீழ் பீறிடும். கீழே மற்றொரு துளையிட்டு, மேலே ஊற்றிய நீர் கீழே வடியுமாறு செய்வர். துளை விரைந்து மூடிவிடாதபடி திரியடைத்து, வாரக்கணக்கில் நாள்தோறும் கழுவுவர்.

பல்வேரே காரணமெனில் இத்துளையின் வழியே வேரின் மேல் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பல்லை வாய்க்குள் தள்ளுவர். கேட்கவே கூசும் முறை. தாடையெலும்பு சிதறுதலும், வாய்க்கும் சைனஸுக்கும் இடையே புழை நிலைத்து உண்ட தீவனம் உள்ளேறுதலும் அதன் தீய விளைவுகள்.

இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாய் மாறிற்று. எக்ஸ் கதிர்ப் படத்தில் நிற்கும் குதிரையின் சைனஸுக்குள் நீர்மட்டக் கோடு தெரிந்தது. எந்தப் பல்வேர் அழுகியது என்பதும் ஓரளவு புலப்பட்டது. வளையும் உள்நோக்கி, மூக்கின் மேற்கோடியிலுள்ள வடிகால் பிளவிலிருந்து சீழ் இறங்குவதைக் கண்முன் காட்டிற்று. ஒரு துளையின் வழியே நேரே சைனஸுக்குள் உள்நோக்கியைச் செலுத்திப் பார்ப்பது அடுத்த படி. பெரிய கட்டிகளை அகற்ற, நெற்றி எலும்பைக் கதவு போல் மூன்று பக்கம் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் மீண்டும் மூடும் முறை வந்தது. இக்காலத்தில் நல்ல தூக்க மருந்தும் நரம்பு மரப்பும் இருப்பதால், குதிரையை வீழ்த்தாமல் நின்ற நிலையிலேயே பெரும்பாலான சைனஸ் அறுவைகள் நடைபெறுகின்றன. நிற்கும் குதிரையில் குருதிப்போக்கு குறைவு. மயக்கத்திலிருந்து எழும்போது கால் முறியும் ஆபத்தும் இல்லை. பல்லைப் பிடுங்குவதும் பழையபடி வாய்வழியே, பொறுமையாக அசைத்து அசைத்து எடுப்பதாகத் திரும்பியுள்ளது. கணினித் தளப்படம் கிடைக்கும் இடங்களில் ஐயத்துக்கு இடமே மிகக் குறைவு.

இந்திய மருத்துவர் மூக்கைப் பார்க்கும்போது மேலும் சில நோய்களையும் நினைவில் கொள்ள வேண்டும். மாடுகளின் 'குறட்டை நோய்'க்குக் காரணமான, மூக்கு நரம்புக் குருதியில் வாழும் புழுவைச் சென்னைக் கால்நடைக் கல்லூரியின் அனந்த நாராயண ராவ் 1930-களின் தொடக்கத்தில் கண்டறிந்து விவரித்தார். அப்புழு குதிரையையும் தாக்கும். மூக்கில் சதை வளரச் செய்யும் ரைனோஸ்போரிடியம் என்பதும் நம் நாட்டுக் குளங்குட்டைகளோடு தொடர்புடையது. மேலைநாட்டுப் பாடநூலின் பட்டியல் நமக்கு முழுமையன்று.

*பிம்பிரியின் பெனிசிலின்*

சிஞ்ச்வடை ஒட்டிய பிம்பிரியில் 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டே பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. உலக நலவாழ்வு அமைப்பும் யூனிசெஃபும் துணைநின்ற இந்தப் பொதுத்துறை ஆலை, நாட்டின் முதற் பெனிசிலின் ஆலை. மனிதருக்காக எழுந்த அம்மருந்து குதிரைக்கும் பயன்பட்டது. தானே தோன்றும் சைனஸ் நோய்க்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெனிசிலினுக்குப் பணிவது.

ஆனால் இங்கும் ஒரு பாடம் உண்டு. மருந்து வந்ததும் துளையிடுவது தேவையற்றதாகிவிடும் என்று பலர் எண்ணினர். அப்படி ஆகவில்லை. புதிதாக வந்த நோய் மருந்தால் தீர்ந்தது. நாட்பட்ட நோயில் சீழ் தயிர்போல் உறைந்து, பின் காய்ந்து, சுருளெலும்பின் அறைக்குள் கெட்டியாய் நின்றுவிடும். குருதியோட்டம் எட்டாத அந்தக் கட்டிக்குள் எந்த மருந்தும் நுழையாது. அழுகிய பல்வேர் உள்ளே இருக்கும்வரை மருந்து நிறுத்திய மறுவாரமே சளி திரும்பிவிடும். மூன்றுமுறை ஊசி போட்டும் திரும்பும் மூக்கொழுக்கு, "மருந்தை மாற்று" என்று சொல்லவில்லை. "உள்ளே பார்" என்று சொல்கிறது. கிளாண்டர்ஸ் கிருமியோ பெனிசிலினுக்குச் சற்றும் பணியாது. ஆகவே நோயறியாமல் மருந்தைக் கொட்டுவது இரண்டு நோய்க்கும் கேடு.

*இன்று*

பிம்பிரியும் சிஞ்ச்வடும் அக்குர்டியும் இன்று மோட்டார் ஆலைகளின் ஊர்கள். எஞ்சினின் ஆற்றலைக் குதிரைத் திறனால் அளக்கும் இவ்வூர்களில் குதிரை மறைந்துவிடவில்லை. மணமகன் ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் தேஹுவிலிருந்து புறப்படும் துக்காராம் பல்லக்கு அக்குர்டியில் தங்கி இவ்வழியே புனே செல்கிறது. வாரியின் வட்ட ஓட்டத்தில் ஓடும் குதிரையின் குளம்படி மண்ணை அடியவர் நெற்றியில் இட்டுக்கொள்கின்றனர். குதிரையை வைத்துப் பிழைப்போர் பெரும்பாலும் எளியோர்.

பல்லாண்டுகள் ஓய்ந்திருந்த கிளாண்டர்ஸ் 2006-இல் மகாராட்டிரத்தில் புனேயிலும் பஞ்சகனியிலும் மீண்டும் தலைகாட்டியது. பின்னர் வட மாநிலங்கள் பலவற்றில் தென்பட்டது. 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புக்கான புதிய சட்டம் 2009-இல் நிறைவேறியது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் குருதிச் சோதனைகளை நடத்துகிறது. நம்பத்தகுந்த எலைசா சோதனையையும் உருவாக்கியுள்ளது. நோயுறுதியான குதிரையைக் கொல்வதற்கு உரிமையாளருக்கு இழப்பீடும் வழங்கப்படுகிறது.

ஆயினும் பழைய அச்சம் இன்றும் நிற்கிறது. மூக்கொழுகினால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள் என்னும் எண்ணமே பலரை மருத்துவரிடமிருந்து விலக்கி வைக்கிறது. ஆகவே குதிரை வைத்திருப்போரும் அவர்களை அறிந்தோரும் சிலவற்றை உணர வேண்டும். மூக்கொழுக்கு எல்லாம் கிளாண்டர்ஸ் அன்று. எந்த நாசியில் வடிகிறது, நாற்றம் உண்டா, எத்தனை வாரமாய் வடிகிறது, மெல்லும்போது தீவனத்தை உதிர்க்கிறதா என்ற நான்கு செய்திகளைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். முடிவு தெரியும்வரை அக்குதிரையைப் பிற குதிரைகளிடமிருந்து விலக்கி வைத்து, தனித் தொட்டியும் தனி வாளியும் தர வேண்டும். சளியை வெறுங்கையால் தொடக் கூடாது. மருத்துவரும் குருதிச் சோதனையின் விடை வருமுன் சைனஸைத் திறக்க முற்படலாகாது. அச்சீழில் என்ன இருக்கிறது என்று அறியாமல் கைவைத்து மாண்டோர் இத்துறையின் வரலாற்றில் உண்டு.

சோதனை 'இல்லை' என்று சொன்னால், அந்தக் குதிரைக்கு 1749-இல் தொடங்கிய ஒரு மருத்துவம் காத்திருக்கிறது. சீழ் வடிந்து, அழுகிய பல் நீங்கி, சில வாரங்களில் அது ஊர்வலத்துக்குத் திரும்பலாம். கத்தி நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. கண்ணும் வந்து 130 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரண்டும் சேர்ந்து எளியவனுடைய லாயத்தின் வாசல்வரை செல்வதற்கு இன்னும் வழி அமைக்க வேண்டியிருக்கிறது.